ரூட் போகாமல் ஆண்ட்ராய்டு போனை அப்டேட் செய்வது: முழுமையான வழிகாட்டி

அப்டேட் வரும் வாரங்களில் என்னிடம் ஒரே மாதிரியான போன்கள் வந்து சேரும். "அண்ணாச்சி, அப்டேட் போட்டேன், ரூட் போயிருச்சு" என்பார் ஒருவர். "லோகோவுலயே நிக்கு, மேல போவமாட்டேங்கு" என்பார் இன்னொருவர். பாளையங்கோட்டையில் இருந்து வந்தாலும் வள்ளியூரில் இருந்து வந்தாலும் விசாரித்தால் விஷயம் ஒன்றுதான். செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருப்பார்கள், வரிசை மட்டும் மாறியிருக்கும்.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ரூட் என்றால் போனின் சிஸ்டம் வரை எதையும் மாற்றும் முழு அனுமதி. உங்கள் போனில் பூட்லோடர் (போன் எழும்போது எதை ஓட்டலாம் என்று முடிவு செய்யும் பகுதி) ஏற்கெனவே திறந்திருக்கிறது, மேஜிஸ்க் என்ற ஆப் வழியாக ரூட் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் பூட்லோடரைத் திறக்காதவர்களுக்கு இது உதவாது. திறக்கும்போது போனில் உள்ள எல்லாமே அழியும் என்பதால் அதைத் தனியாகத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. ரூட் ஏன் போகிறது

மேஜிஸ்க் உங்கள் போனின் சிஸ்டம் பகுதியைத் தொடுவதில்லை. போன் எழும்போது முதலில் படிக்கப்படும் பூட் இமேஜ் என்ற ஃபைலில் மட்டும் தன் வேலையைச் செருகி வைத்திருக்கிறது. அப்டேட் வரும்போது புதிய பூட் இமேஜ் ஒன்றும் சேர்ந்தே வரும். அதில் மேஜிஸ்க் இருக்காது. அந்தப் புதிய இமேஜில் போன் எழுந்தால் ரூட் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாதாந்திர அப்டேட்டுகள் பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டும் கொண்டுவரும் சிறிய பொதிகள். எழுதத் தொடங்கும் முன் பழைய பகுதிகள் கம்பெனி கொடுத்தபடியே இருக்கின்றனவா என்று அவை சரிபார்க்கும். மேஜிஸ்க் மாற்றிய பூட் இமேஜைக் கண்டதும் அப்டேட் பாதியில் நின்றுவிடும். அதனால் முதலில் பழைய பூட் இமேஜை அசலுக்குத் திருப்ப வேண்டும், அப்புறம் அப்டேட், அதன் பிறகு புதிய பூட் இமேஜில் மேஜிஸ்க். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

2. உங்கள் போன் எந்த வகை

இப்போதைய போன்களில் பெரும்பாலானவை ஏ/பி வகை. அதாவது முக்கியமான பகுதிகளுக்கு ஏ, பி என்று இரண்டு ஸ்லாட்டுகள் இருக்கும். நீங்கள் ஏ ஸ்லாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் பின்னணியில் பி ஸ்லாட்டுக்காக எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்ததும் போன் பி-க்கு மாறும். 2016-ல் ஆண்ட்ராய்டு 7.0-வுடன் வந்த முறை இது. எல்லா பிக்சல் போன்களும் இந்த வகைதான்.

சரிபார்க்க, போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்கு (ஆண்ட்ராய்டு எழும் முன் லேப்டாப்பில் இருந்து கட்டளை ஏற்கும் நிலை) கொண்டுபோய், லேப்டாப்பில் "ஃபாஸ்ட்பூட் கெட்வார் கரண்ட்-ஸ்லாட்" என்று அடியுங்கள். ஏ அல்லது பி என்று பதில் வந்தால் இரண்டு ஸ்லாட் போன். பதில் வெறுமையாகவோ பிழையாகவோ வந்தால் ஒரு ஸ்லாட் போன். அதற்கு 7-ஆவது பகுதியில் உள்ள "வழி இரண்டு" மட்டுமே பொருந்தும்.

அடுத்து, மேஜிஸ்க் எந்த இமேஜுக்குள் போக வேண்டும் என்பது. பழைய போன்களில் அது பூட் இமேஜ். ஆண்ட்ராய்டு 13-உடனோ அதற்குப் பிறகோ விற்பனைக்கு வந்த போன்களில் இனிட்-பூட் இமேஜ். பிக்சல் 6-ல் பூட், பிக்சல் 7 முதல் இனிட்-பூட். பலர் இங்கே தடுமாறுகிறார்கள். போன் இப்போது எந்த ஆண்ட்ராய்டில் ஓடுகிறது என்று பார்க்கக் கூடாது, எந்த ஆண்ட்ராய்டோடு கடைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். பிக்சல் 6-ஐ ஆண்ட்ராய்டு 14-க்கு ஏற்றினாலும் அதற்குப் பூட் இமேஜ்தான். சந்தேகமாக இருந்தால் கம்பெனியின் முழுப் பொதியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இனிட்-பூட் என்ற ஃபைல் இருந்தால் அதுதான் உங்களுக்கு உரியது.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பில்ட் எண், அதாவது போனில் ஓடும் சிஸ்டத்தின் துல்லியமான பதிப்பு எண். செட்டிங்ஸில் "அபவுட் போன்" போய் இப்போதைய பில்ட் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அப்டேட் செய்தபின் வரப்போகும் பில்ட் எண்ணையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் உரிய அசல் பூட் இமேஜ்கள் உங்கள் லேப்டாப்பில் இருக்க வேண்டும். இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மற்ற எந்தத் தவறு நடந்தாலும் சரியான அசல் பூட் இமேஜ் கையில் இருந்தால் பெரும்பாலும் 5 நிமிடத்தில் போன் எழுந்துவிடும். இல்லாவிட்டால் 2, 3 ஜிபி பொதியை அப்போதுதான் தேடி இறக்க வேண்டும், அதுவும் செத்துக் கிடக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"கிட்டத்தட்ட அதே பில்ட்" என்பது பயன்படாது. பூட் இமேஜ் ஒரு பில்ட்டுக்கும் சிஸ்டம் இன்னொரு பில்ட்டுக்கும் உரியதாக இருந்தால் போன் சில நேரம் எழும், ஆனால் வைஃபை வராது, சவுண்ட் வராது, டச் வேலை செய்யாது. கெர்னலுக்கும் (சிஸ்டத்தின் மையப் பகுதி), வைஃபை, டச் போன்றவற்றை இயக்கும் அதன் டிரைவர்களுக்கும் பொருத்தம் போய்விடுவதுதான் காரணம். அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை மட்டும் செத்த போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது பில்ட் எண்ணைத்தான்.

ஒரே பெயரில் விற்கும் போனுக்கு இந்தியாவுக்கு ஒரு பொதி, வெளிநாட்டுக்கு ஒரு பொதி என்று இருப்பதும் உண்டு. துபாயில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ அண்ணன் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள். நம் பக்கம் அப்படி வந்த போன்கள் நிறைய. பெட்டியில் உள்ள மாடல் எண்ணை நம்பாமல் போனுக்குள் காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லேப்டாப். கூகுளே தரும் பிளாட்ஃபார்ம்-டூல்ஸ் பொதியை இறக்கிப் பிரித்து வையுங்கள். ஃபாஸ்ட்பூட் கட்டளையும், ஓடும் போனுக்கு லேப்டாப்பில் இருந்து கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியும் அதில்தான் இருக்கின்றன. பல வருடங்களுக்கு முன் யாரோ கட்டி வைத்த சின்ன இன்ஸ்டாலர்கள் வேண்டாம். புதிய போன்களின் பகுதி அமைப்பு அவற்றுக்குத் தெரியாது. ப்ரவுசிங் சென்டர் கணினியை நம்பி இறங்காதீர்கள். டிரைவர் போட அனுமதி இருக்காது, பாதியில் நேரமும் முடிந்துவிடும். நண்பரின் லேப்டாப்பை ஒரு மாலை கேட்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

கேபிள் டேட்டா போகும் கேபிளா என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிடைக்கும் மலிவான கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும் ஏற்றும். போனை இணைத்து "ஏடிபி டிவைசஸ்" என்று அடித்தால் உங்கள் போனின் எண் வர வேண்டும். பக்கத்தில் "அன்ஆதரைஸ்டு" என்று வந்தால் போன் திரையைப் பார்த்து அனுமதி கொடுங்கள், "எப்போதும் அனுமதி" என்பதையும் டிக் செய்யுங்கள். போன் லோகோவில் மாட்டிக்கொண்டால் அனுமதி கொடுக்கத் திரை இருக்காது. அதனால்தான் இப்போதே.

சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், லேப்டாப்பிலும் சார்ஜ் நிறைந்திருக்கட்டும். ஆனி, ஆடியில் சாரலும் காற்றுமாக இருக்கும்போது தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்பை நேரடியாகப் பிளக்கில் மாட்டி வேலை செய்பவர்கள், ஃப்ளாஷ் ஆகிக்கொண்டிருக்கும்போது, அதாவது போனில் இமேஜ் எழுதப்படும்போது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முயன்ற தம்பி ஒருவரையும் பார்த்திருக்கிறேன். வீட்டில், மேஜையில், ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

கடைசியாக பேக்அப். படங்கள், வாட்ஸ்அப், தொடர்புகள், முக்கியமாக ஓடிபி எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப். எல்லாவற்றையும் போனுக்கு வெளியே எடுத்து வையுங்கள். சரியாகச் செய்தால் இந்த வழிகாட்டியில் எந்தப் படியும் தரவை அழிப்பதில்லை, ஆனாலும் எடுங்கள்.

4. தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள்

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதை அணைத்து வையுங்கள். ரூட் செய்த நாளன்றே செய்திருக்க வேண்டிய வேலை இது.

களக்காடு பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மோட்டார் ரூமில் பழைய போன் ஒன்றைக் கேமராவாக மாட்டியிருக்கிறார். இரவும் பகலும் சார்ஜரிலேயே இருக்கும் போன். பேட்டரி உப்பிவிடக் கூடாது என்று ரூட் செய்து, 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி மாட்யூல் (மேஜிஸ்க்கில் சேர்க்கும் துணைப் புரோகிராம்) போட்டுக் கொடுத்திருந்தேன். தானாக அப்டேட் ஆவதை அணைக்க மறந்துவிட்டேன். பெரிய அப்டேட் ஒன்று முழுப் பொதியாக வந்து, இரவோடு இரவாகத் தானே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் கரண்ட் நீண்ட நேரம் போனதில் போன் அணைந்து, அவர் மீண்டும் ஆன் செய்தபோது புதிய ஸ்லாட்டில் எழுந்தது. ரூட் இல்லை, மாட்யூல் இல்லை, சார்ஜ் 100-லேயே நின்றது. கேமரா வேலை செய்துகொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பின்கவர் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்டேட் இறங்குவதும், எழுதப்படுவதும், ஸ்லாட் மாறுவதும் வெவ்வேறு நேரத்தில் நடக்கலாம். நீங்கள் எதுவும் அழுத்தாமலே முதல் இரண்டும் முடிந்து, மூன்றாவது அடுத்த ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும். ரூட் காணாமல் போனதற்குக் காரணம் தெரியாமல் குழம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

5. மாட்யூல்களை அணையுங்கள்

மேஜிஸ்க் ஆப்பில் மாட்யூல் பக்கம் போய் ஒவ்வொன்றையும் அணையுங்கள். நீக்க வேண்டாம், அணைத்தால் போதும். இதற்காக ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். அணைத்த குறிப்பு தரவுப் பகுதியில் பதிவாகிவிடுவதால் புதிய ஸ்லாட்டில் எழும்போது அவை அணைந்தே இருக்கும்.

பழைய ஆண்ட்ராய்டுக்கு எழுதப்பட்ட மாட்யூல் புதிய சிஸ்டத்தின் ஃபைல் மேல் வந்து உட்கார்ந்தால் போன் எழாது. லோகோவில் நிற்கும் போன்களில் அப்டேட் சரியாகவே ஏறியிருக்கும், மேஜிஸ்க்கும் சரியாக இருக்கும், ஒரே ஒரு மாட்யூல்தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

மேஜிஸ்க் ஆப்பையும் இப்போதே புதிய பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். பெரிய ஆண்ட்ராய்டு மாற்றம், உதாரணமாக 14-ல் இருந்து 15 என்றால், மேஜிஸ்க்கின் குறிப்புகளில் அந்தப் பதிப்புக்கு ஆதரவு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இறங்குங்கள். வரவில்லை என்றால் காத்திருங்கள்.

6. வழி ஒன்று: போனிலேயே செய்வது

இது ஏ/பி போன்களுக்கு மட்டும். லேப்டாப் அருகில் இருக்கட்டும், ஆனால் எல்லாம் சரியாகப் போனால் அது தேவைப்படாது.

முதலில் மேஜிஸ்க் ஆப்பில் "அன்இன்ஸ்டால் மேஜிஸ்க்" அழுத்துங்கள். வரும் பெட்டியில் இரண்டு தேர்வுகள் இருக்கும். "ரெஸ்டோர் இமேஜஸ்" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று மேஜிஸ்க்கை முழுவதும் நீக்கிவிடும். இப்போது உங்கள் பழைய பூட் இமேஜ் அசல் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் போனில் மேஜிஸ்க் இன்னும் நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது, ரூட்டும் இருக்கிறது. இந்த நிலை ரீஸ்டார்ட் வரைதான் நீடிக்கும். ஆகவே இங்கிருந்து கடைசிப் படி வரை போனை அணைக்கவே கூடாது.

"அசல் பேக்அப் இல்லை" என்று மேஜிஸ்க் சொன்னால், ரூட் செய்தபோது இமேஜை வேறு போனில் தயார் செய்திருப்பீர்கள். கவலை வேண்டாம், வழி இரண்டுக்குப் போங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம் அப்டேட்டுக்குப் போய் இறக்கி, இன்ஸ்டால் செய்யுங்கள். நேரம் எடுக்கும். அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். போன் பக்கத்திலேயே இருங்கள். சில போன்களில், நீங்கள் எதுவும் அழுத்தாவிட்டாலும் தானே ரீஸ்டார்ட் ஆக நேரம் குறித்துக்கொள்ளும்.

முடிந்ததும் "ரீஸ்டார்ட் நவ்" என்ற பட்டன் வரும். அதை அழுத்தாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழுந்த இடம் இதுதான். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கை தானாக அங்கே போகும். அழுத்தினால் போன் கெடாது. ஆனால் மேஜிஸ்க் இல்லாத புதிய ஸ்லாட்டில் எழும், ரூட் போய்விடும், லேப்டாப் இல்லாமல் திரும்ப வராது.

அந்தத் திரையை அப்படியே விட்டுவிட்டு மேஜிஸ்க் ஆப்புக்குத் திரும்புங்கள். "இன்ஸ்டால்" அழுத்தி "இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட், ஆஃப்டர் ஓடிஏ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓடிஏ என்றால் இணையம் வழியாக வரும் அப்டேட். இந்தத் தேர்வுக்குப் பக்கத்திலேயே "டைரக்ட் இன்ஸ்டால்" என்றும் ஒன்று இருக்கும். முதல் முறை ரூட் செய்த பழக்கத்தில் அதைத் தொட்டுவிடுகிறார்கள். அது இப்போது ஓடும் பழைய ஸ்லாட்டில் மேஜிஸ்க்கைப் போடும். போன் போகப்போவதோ புதிய ஸ்லாட்டுக்கு. பலன், ரூட் இல்லாத போன்.

எழுத்துகள் ஓடி முடிந்து "ஆல் டன்" என்று வந்த பிறகு, மேஜிஸ்க் திரையில் உள்ள "ரீபூட்" பட்டனையே அழுத்துங்கள். செட்டிங்ஸில் உள்ளது வேண்டாம், பவர் பட்டனும் வேண்டாம். புதிய ஸ்லாட்டுக்குப் போனைத் திருப்பும் வேலையை மேஜிஸ்க் தானே ஏற்பாடு செய்திருக்கும். அந்த வழியாகவே போவது பாதுகாப்பு.

முதல் முறை எழ சில நிமிடங்கள் ஆகும். 10, 15 நிமிடம் பொறுங்கள். லோகோ நிற்கிறதே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள். புதிய ஸ்லாட் சில முறை எழத் தவறினால், அது கெட்டது என்று முடிவு செய்து போன் பழைய ஸ்லாட்டுக்கே திரும்பிவிடும். நீங்கள் அவசரப்பட்டு அணைப்பதும் அந்தக் கணக்கில் சேரும். திரும்பிய பழைய ஸ்லாட்டில் நீங்கள் அசல் பூட் இமேஜைத்தானே வைத்தீர்கள்? அப்டேட்டும் இருக்காது, ரூட்டும் இருக்காது.

7. வழி இரண்டு: லேப்டாப் வழியாக

என்னைக் கேட்டால், லேப்டாப் உள்ளவர்கள் முதல் சில முறை இந்த வழியிலேயே போவது நல்லது. கொஞ்சம் நீளம், ஆனால் ஒவ்வொரு படியின் முடிவிலும் உங்கள் கையில் வேலை செய்யும் போன் ஒன்று இருக்கும். வழி ஒன்றில் அப்படி இல்லை, நடுவில் நின்றால் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

முதலில் போனை ரூட் இல்லாத புதிய பதிப்புக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு இரண்டு விதம். இப்போதைய பில்ட்டின் அசல் பூட் இமேஜை "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்" என்று அடித்து, ஃபைல் பெயர் சேர்த்து எழுதிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, சாதாரணமாக அப்டேட் செய்யலாம். இனிட்-பூட் போன் என்றால் "பூட்" என்ற இடத்தில் "இனிட் அண்டர்ஸ்கோர் பூட்" என்று வரும். அல்லது, கம்பெனி முழு ஓடிஏ பொதி தருகிறது என்றால், போனை ரெக்கவரிக்கு (மீட்பு மெனு) கொண்டுபோய் "ஏடிபி சைட்லோடு" என்று அடித்து ஏற்றலாம். முழுப் பொதி பழைய பகுதிகள் அசலா என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடும். தரவு அப்படியே இருக்கும்.

பிக்சலுக்குக் கூகுள் தரும் ஃபேக்டரி இமேஜில் (முழு அசல் பொதி) "ஃப்ளாஷ்-ஆல்" என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அதன் கடைசிக் கட்டளையில் "ஹைஃபன் டபிள்யூ" என்று ஒரு சின்னக் குறி இருக்கும். போனில் உள்ள எல்லாவற்றையும் அழி என்று பொருள். அந்தக் குறியை நீக்கி, சேமித்த பிறகே ஓட்ட வேண்டும். திறக்கும்போது வலது கிளிக் செய்து "எடிட்" கொடுங்கள். டபுள் கிளிக் செய்தால் விண்டோஸில் அது திறக்காது, ஓடத் தொடங்கிவிடும். என் சித்தப்பாவின் போனில் எனக்கு இது நடந்தது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் அவர் எடுத்த படங்கள் அத்தனையும் போயின, பேக்அப் எடுக்கவில்லை. அன்றிலிருந்து சைட்லோடு வசதி உள்ள போனுக்கு ஃப்ளாஷ்-ஆல் பக்கமே நான் போவதில்லை.

போன் புதிய பதிப்பில் எழுந்து, கால், வைஃபை எல்லாம் சரி என்று பார்த்தீர்களா? பில்ட் எண்ணை மறுபடியும் பாருங்கள். அந்த எண்ணுக்கு உரிய முழுப் பொதியில் இருந்து பூட் அல்லது இனிட்-பூட் இமேஜை எடுக்க வேண்டும். ஃபேக்டரி இமேஜ் என்றால் ஜிப்புக்குள் இன்னொரு ஜிப்பாக இருக்கும், அதைப் பிரித்தால் கிடைக்கும். மற்ற பல போன்களுக்கு "பேலோடு" என்ற ஒரே பெரிய ஃபைல்தான் இருக்கும். அதைப் பிரிக்க பேலோடு டம்ப்பர் என்ற கருவி வேண்டும்.

எடுத்த இமேஜைப் போனுக்கு அனுப்பி, மேஜிஸ்க் ஆப்பில் "இன்ஸ்டால்", பிறகு "செலக்ட் அண்டு பேட்ச் எ ஃபைல்" கொடுத்து அதைக் காட்டுங்கள். பேட்ச் என்றால் இமேஜுக்குள் மேஜிஸ்க்கைச் செருகுவது. சிறிது நேரத்தில் டவுன்லோடு ஃபோல்டரில் "மேஜிஸ்க் பேட்ச்டு" என்று தொடங்கும் புதிய ஃபைல் இருக்கும். அதை "ஏடிபி புல்" கட்டளையால் லேப்டாப்புக்கு எடுங்கள். ஃபைல் மேனேஜரில் இழுத்து விடும் முறையில் ஃபைல் சிதைவது உண்டு. சிதைந்த பூட் இமேஜை எழுதினால் போன் எழாது.

பிறகு "ஏடிபி ரீபூட் பூட்லோடர்", அடுத்து பேட்ச் செய்த இமேஜை ஃப்ளாஷ் செய்யும் கட்டளை, கடைசியாக "ஃபாஸ்ட்பூட் ரீபூட்". பூட் இமேஜ் வகைப் போன்களில் எழுதும் முன் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. "ஃபாஸ்ட்பூட் பூட்" என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தால், போனில் எதையும் எழுதாமல் அந்த இமேஜில் ஒருமுறை மட்டும் எழும். சரியாக எழுந்தால் மேஜிஸ்க் ஆப்பில் "டைரக்ட் இன்ஸ்டால்" கொடுத்து நிலைப்படுத்தலாம். எழாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் செய்தால் போதும், பழையபடி எழும். சில கம்பெனிகளின் பூட்லோடர் இந்தக் கட்டளையை ஏற்காது. இனிட்-பூட் போன்களிலும் இது நடக்காது, அந்த இமேஜுக்குள் கெர்னல் இல்லை.

8. சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு

6, 7-ஆவது பகுதிகளில் சொன்னது எதையும் சாம்சங்கில் செய்யாதீர்கள். ரூட் செய்த சாம்சங்குக்கு ஓடிஏ அப்டேட் வராது. முக்கியமாக, "ரெஸ்டோர் இமேஜஸ்" கொடுத்துப் பூட் இமேஜை மட்டும் அசலுக்குத் திருப்பக் கூடாது. போன் முடங்கிவிடக்கூடும், அதன் பிறகு தரவை அழித்து முழுப் பொதியையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முழுப் பொதியை இறக்கி, அதில் பெயர் ஏபி (AP) என்று தொடங்கும் ஃபைலை மட்டும் போனுக்கு அனுப்பி மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, ஏடிபி புல் வழியாகத் திரும்ப எடுத்து, ஓடின் என்ற, சாம்சங் போனில் பொதி ஏற்றும் லேப்டாப் கருவியில் நான்கு ஃபைல்களையும் சேர்த்து ஏற்ற வேண்டும். பிஎல், பேட்ச் செய்த ஏபி, சிபி, நான்காவதாக ஹோம்-சிஎஸ்சி. பெயரில் "ஹோம்" இல்லாத சிஎஸ்சி ஃபைலைப் போட்டால் தரவு முழுவதும் அழியும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

9. எழுந்த பிறகு

மேஜிஸ்க் ஆப்பைத் திறந்து "இன்ஸ்டால்டு" என்ற இடத்தில் பதிப்பு எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ரூட் இருக்கிறது. கூடுதல் செட்டப் வேண்டும் என்று கேட்டால் சம்மதியுங்கள், போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்.

மாட்யூல்களை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். ஒன்றை ஆன் செய்து ரீஸ்டார்ட், அது சரி என்றால் அடுத்தது. ஐந்தையும் ஒரேயடியாக ஆன் செய்து போன் நின்றுவிட்டால் எது கெடுத்தது என்று தெரியாது.

யுபிஐ, பேங்க் ஆப்கள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பூட்லோடர் திறந்திருப்பதைப் பிளே இன்டக்ரிட்டி என்ற கூகுளின் சோதனை கண்டுபிடித்துச் சொல்லும். அதை நம்பும் ஆப்கள் இன்று வேலை செய்து நாளை மறுக்கலாம். மறைக்கும் மாட்யூல்களைத் தேடிப் போவதை நான் சொல்லித் தருவதில்லை. ரூட் அனுமதி கொடுத்த ஆப் போனில் எதையும் படிக்க முடியும் என்கிற நிலையில், பணம் இருக்கும் ஆப் அதே போனில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிம்மையும் பேங்க் ஆப்பையும் ரூட் செய்யாத இன்னொரு போனில் வையுங்கள்.

10. லோகோவிலேயே நின்றால்

பதற்றத்தில் முதலில் ஃபேக்டரி ரீசெட் கொடுப்பவர்கள் உண்டு. அது கடைசி வழி. பெரும்பாலும் சிக்கல் உங்கள் தரவில் இருக்காது, பூட் இமேஜிலோ மாட்யூலிலோதான் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

15 நிமிடம் ஆகியும் எழவில்லை என்றால், ரீஸ்டார்ட் செய்து லோகோ அசையத் தொடங்கியதும் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். போன் சேஃப் மோடில் எழும். இதைக் கண்டதும் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிடும். பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் கேபிளை மாட்டி "ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ் ஷெல் மேஜிஸ்க்" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன் போட்டு "ரிமூவ்-மாட்யூல்ஸ்" என்று சேர்த்து எண்டர் தட்டுங்கள். போன் எழ முயலும் சிறு நேரத்துக்குள் கட்டளை உள்ளே போய் மாட்யூல்களை நீக்கிவிடும். 3-ஆவது பகுதியில் ஏடிபி அனுமதி கொடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் நிற்கிறது என்றால் புதிய பில்ட்டின் அசல் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் எழுதுங்கள். ரூட் இல்லாமல் எழும். எழுந்தபின் வழி இரண்டின்படி மறுபடி பேட்ச் செய்யலாம். அதிலும் எழவில்லை என்றால் முழு ஓடிஏ பொதியைச் சைட்லோடு செய்யுங்கள்.

ஸ்லாட்டைக் கையால் மாற்றும் கட்டளையைப் பலர் முதலிலேயே அடிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த போன்களில் இது ஆபத்து. இவற்றில் சிஸ்டம் பகுதிக்கு முழுதாக இரண்டு பிரதிகள் இருப்பதில்லை. புதிய பதிப்பில் ஒருமுறை சரியாக எழுந்ததும், மாற்றங்கள் பழைய பிரதியின் மேலேயே இணைக்கப்படும். அதன் பிறகு பழைய ஸ்லாட்டுக்குப் போனால் அங்கே எழுவதற்கு எதுவும் இருக்காது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும், பழைய பூட்லோடர் இனி எழாதபடி கூகுள் பூட்டியது. மற்ற ஸ்லாட்டில் பழைய பூட்லோடர் இருந்து, அதற்குள் போன் போய்விட்டால் மீட்க முடியாத நிலை. அதனால் இரண்டு ஸ்லாட்டிலும் புதியதை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

அப்புறம், எந்த நிலையிலும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டாதீர்கள். பூட்டிவிட்டால் எல்லாம் அசலுக்கு வந்துவிடும் என்று நினைத்துப் பூட்டுகிறார்கள். மாற்றிய பூட் இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்டினால், அசல் இல்லை என்று சொல்லிப் போன் எழ மறுக்கும். மறுபடி திறக்கத் தேவையான ஆப்ஷன் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, அதற்குள் போக முடியாது.

11. அடுத்த அப்டேட்டுக்கு

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய், தானாக அப்டேட் ஆவது அணைந்தே இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

லேப்டாப்பில் போனின் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் பில்ட் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒன்று போடுங்கள். அந்த பில்ட்டின் அசல் இமேஜ், பேட்ச் செய்த இமேஜ் இரண்டும் அதற்குள். அசலின் பெயரில் "அசல்" என்று சேர்த்துவிடுங்கள், இரண்டும் மாறிப்போகாது. இதற்கு முந்தைய பில்ட்டின் ஃபோல்டரை, புதியது ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகு அழித்தால் போதும். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். அடுத்த முறை லேப்டாப் நண்பருடையதாக இருக்கலாம்.